"பேட்டரி போச்சு"ன்னு சொன்னதும் பீரோவைத் திறக்காதீங்க: வீட்டு யூ.பி.எஸ். கோளாறுக்கு ஒரு செலவுக் கணக்கு



2024 ஜூலையில ஒரு வாரம் ஒர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டு தேவாரத்துல அப்பா அம்மாகூட இருந்தேன். கம்பம் பள்ளத்தாக்குல அது காத்துக் காலம். மேற்கே மலையில இருந்து இறங்குற காத்து தென்னை மட்டையைப் பிச்சு எறியும். மட்டை லைன் மேல விழுந்தா கரண்ட் போயிடும். லோயர் கேம்ப்ல பெரியாறு நீர்மின் நிலையம், கண்டமனூர் பக்கம் வரிசையா காத்தாடின்னு கரண்ட் தயாராகிற மாவட்டம்தான் எங்களோடது. ஆனா ஒரு மட்டை விழுந்தா எங்க தெரு அரை நாள் இருட்டு.

காலையில 10 மணிக்கு டீம் மீட்டிங். நான் பேசிட்டு இருக்கும்போதே கரண்ட் கட். யூ.பி.எஸ். இருக்கேன்னு தைரியமா தொடர்ந்து பேசினேன். பத்தே நிமிஷத்துல அது 'கீ கீ'ன்னு கத்த ஆரம்பிச்சது. இன்னொரு அஞ்சு நிமிஷத்துல மொத்தமா ஆஃப். வைஃபை போச்சு. மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி நான் திரும்ப உள்ள வர்றதுக்குள்ள மேனேஜர் அடுத்த ஆள்கிட்ட போயிட்டார்.

சாயங்காலம் அப்பா வழக்கமா வர்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து யூ.பி.எஸ். மேல கை வச்சுப் பார்த்தார். பேட்டரியை ரெண்டு தட்டு தட்டினார். "அண்ணே, பேட்டரி போச்சு. புதுசு 17,500 வரும். பழசை எடுத்துக்கிறேன், 15,000 குடுங்க போதும். நாளைக்கே போட்டுரலாம்" அப்படின்னார். மொத்தம் மூணு நிமிஷம்தான். அப்பா பீரோவைத் திறக்கப் போயிட்டார்.

"ஒரு நாள் பொறுங்கப்பா"ன்னு நான்தான் நிறுத்தினேன். அந்த ஒரு நாள்ல ஆன செலவு 420 ரூபாய். அதே பேட்டரி அதுக்கப்புறம் 14 மாசம் ஓடுச்சு.

அந்த மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பேட்டரி வித்தா அவருக்கு மார்ஜின் இருக்கு. அரை மணி நேரம் உட்கார்ந்து டெர்மினல் துடைச்சுக் குடுத்தா நாம அவருக்கு எவ்வளவு குடுப்போம்? நூறு ரூபாய் குடுக்கவே யோசிப்போம். அதனால செக் பண்ற வேலையை நாமதான் பண்ணணும். அது கஷ்டமான வேலையும் இல்ல.

இந்தப் பொட்டி நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?

2012 ஞாபகம் இருக்கா? உங்கள்ல பல பேர் அப்போ ஸ்கூல் படிச்சிருப்பீங்க. சென்னையில தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளி மாவட்டங்கள்ல அது 12 மணி நேரத்தையும் தாண்டி ஓடுச்சு. பப்ளிக் எக்ஸாம் எழுதுற பிள்ளை இருந்த வீடெல்லாம் கடன் வாங்கியாவது ஒரு இன்வெர்ட்டர் வாங்கிச்சு. அந்தப் பொட்டிகள் நிறைய வீட்ல இன்னும் ஓடிட்டு இருக்கு. உள்ள இருக்கிற பேட்டரி மட்டும் ரெண்டு, மூணு தடவை மாறியிருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. அப்போ பேட்டரி அதிகமா உழைச்சுத் தேய்ஞ்சது. இப்போ மாசம் ஒரு நாள் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துறாங்க, மத்தபடி மழை, காத்துன்னு எப்பவாவது போகுது. பேட்டரி சும்மாவே உட்கார்ந்திருக்கு. யாரும் அதைத் திறந்து பார்க்கிறதில்ல. தண்ணி வத்துறதும் தெரியாது, டெர்மினல் பூத்துப்போறதும் தெரியாது. எங்க வீட்ல நடந்தது இதேதான். கடைசியா எப்போ தண்ணி ஊத்தினீங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். "அது தண்ணி வேற கேக்குமா?"ன்னார்.

காசே செலவு இல்லாத மூணு கோளாறு

பேட்டரி பக்கம் போறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க.

முதல் கேஸ்: கரண்ட் வந்துடுச்சு, பக்கத்து வீட்ல ஃபேன் சுத்துது, உங்க யூ.பி.எஸ். மட்டும் இன்னும் பேட்டரியிலேயே ஓடுது, சார்ஜும் ஏறல. பொட்டிக்குப் பின்னாடி பாருங்க. சின்ன கறுப்புக் குமிழ் ஒண்ணு வெளியே தள்ளிட்டு நிக்கும். சில மாடல்ல சின்ன எம்.சி.பி. இருக்கும், சிலதுல ஃப்யூஸ் இருக்கும். ஓவர்லோட் ஆனாலோ, கரண்ட் திரும்பி வரும்போது ஒரு குதி குதிச்சாலோ அது ட்ரிப் ஆகும். அமுக்கி விட்டா வேலை முடிஞ்சது. ஃப்யூஸ்னா அதே ஆம்பியர்ல புதுசு போடணும், சில்லறைக் காசுதான். திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனா மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பிளக் சொருகியிருக்கிற சுவிட்ச் ஆன்ல இருக்கான்னும் பார்த்துடுங்க. சிரிக்காதீங்க, வீடு கூட்டும்போது கை பட்டு ஆஃப் ஆகிற கேஸ் எவ்வளவோ இருக்கு.

ரெண்டாவது கேஸ்தான் எங்க ஊர்ப் பக்கம் அதிகம். கரண்ட் இருக்கு, ஆனா சாயங்காலம் ஆனா யூ.பி.எஸ். தானா பேட்டரிக்குப் போகுது, வருது, போகுது, வருது. 'டக் டக்'னு ரிலே சத்தம். இது பேட்டரி கோளாறே இல்ல. தோட்டத்து மோட்டார்களும் வீட்டு லோடும் சேர்ந்து ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்குது. பெரும்பாலான வீட்டு யூ.பி.எஸ்.ல ஒரு மோட் சுவிட்ச் இருக்கும். 'யூ.பி.எஸ்.'னு ஒரு பக்கம், 'நார்மல்' இல்லைன்னா 'எக்கோ'ன்னு இன்னொரு பக்கம். யூ.பி.எஸ். பக்கம் வச்சா சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழ வந்ததுமே அது பேட்டரிக்கு மாறிடும். நார்மல் பக்கம் வச்சா 100 வோல்ட் பக்கம் வரைக்கும் லைன் கரண்ட்லயே ஓட்டும். உங்க மாடலுக்குச் சரியான அளவு மேனுவல்ல இருக்கும்.

ரெண்டுக்கும் விலை உண்டு. யூ.பி.எஸ். மோட்ல மாறுற வேகம் அதிகம், அதனால டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது. நார்மல் மோட்ல மாறும்போது ஒரு கண் சிமிட்டு விழும். லேப்டாப்புக்குள்ளயே பேட்டரி இருக்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்ல லேப்டாப் மட்டும்தான்னா நார்மல் போதும். தினமும் சாயங்காலம் தேவையே இல்லாம பேட்டரி கரையறது நிக்கும். வைஃபை ரவுட்டர் மட்டும் அந்தச் சிமிட்டுல ரீஸ்டார்ட் ஆகலாம், அதுக்குத் தனி வழி இருக்கு, கீழ சொல்றேன்.

வோல்டேஜ் எப்பவுமே கம்மின்னா பக்கத்து வீட்லயும் அப்படித்தானான்னு கேளுங்க. தெரு முழுக்க அப்படின்னா மின் வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987-ல புகார் பதியலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. உங்க வீட்ல மட்டும்னா எங்கயோ வயர் லூஸா இருக்கு. அது தீ பிடிக்கிற சமாச்சாரம், தள்ளிப் போடாதீங்க.

மூணாவது கேஸ் ஓவர்லோட். கரண்ட் போனதும் யூ.பி.எஸ். கத்தி, சிவப்பு லைட் போட்டு நின்னுடும். வீட்ல எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க, யூ.பி.எஸ்.ஸை ரீசெட் பண்ணுங்க, அப்புறம் ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே வாங்க. எதைப் போட்டதும் கத்துதோ அதுதான் ஆள். எங்க வீட்டு ஆள் ஃபிரிட்ஜ். சமையல்கட்டை மாத்திக் கட்டினப்போ எந்த பாயின்ட் யூ.பி.எஸ். லைன்ல வருதுன்னு யாரும் யோசிக்கல. ஃபிரிட்ஜ் பிளக் அதுலயே போய் உட்கார்ந்துடுச்சு. ஃபிரிட்ஜ் ஓடும்போது 100, 150 வாட்தான் இழுக்கும், ஆனா கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடி அதுமாதிரி பல மடங்கு கேட்கும். பலவீனமா இருக்கிற பேட்டரி அங்கேயே மண்டியிட்டுடும். பிளக்கைக் கழட்டி அடுத்த பாயின்ட்ல போட்டோம். செலவு பூஜ்யம். அம்மாவுக்கு மட்டும் வருத்தம், கரண்ட் போனா பால் கெட்டுடுமேன்னு. கதவைத் திறக்காம இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் ஒண்ணும் ஆகாதும்மான்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இப்போ பேட்டரி

தொடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வீட்டு யூ.பி.எஸ். பேட்டரியில ஆசிட் இருக்கு, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். பீடி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் பக்கத்துல வேண்டாம். பூஜை ரூமுக்கு அடியில பேட்டரி வச்சிருக்கிற வீடுகளை நானே பார்த்திருக்கேன், தயவு செஞ்சு மாத்துங்க. யூ.பி.எஸ். சுவிட்சையும் ஆஃப் பண்ணணும், சுவர் பிளக்கையும் உருவணும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழட்டிடுங்க. ஸ்பேனர் கைப்பிடியில இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க, ஏன்னா ஸ்பேனர் ரெண்டு டெர்மினலையும் ஒரே நேரத்துல தொட்டா நெருப்பு பறக்கும். முதல்ல கறுப்பு வயர், அதாவது நெகட்டிவ், கழட்டணும். மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டணும். யூ.பி.எஸ். பொட்டியைத் திறக்கவே திறக்காதீங்க, அது நம்ம வேலை இல்ல. இதெல்லாம் படிக்கவே பயமா இருக்குன்னா தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு 200 ரூபாய் குடுத்துச் செய்யச் சொல்லுங்க. அப்பவும் நீங்க லாபத்துலதான் இருப்பீங்க.

எங்க பேட்டரி 150 ஏ.எச். டியூபுலர். அப்போ அதுக்கு நாலு வயசு. டெர்மினல் மேல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்திருந்துச்சு. இது இருந்தா ரெண்டு பக்கமும் நஷ்டம்: சார்ஜ் முழுசா உள்ள போகாது, லோடு குடுக்கும்போது வோல்டேஜும் வெளியே வராது. யூ.பி.எஸ்.ஸுக்கு பேட்டரி காலியான மாதிரியே தெரியும், 'லோ பேட்டரி'ன்னு கத்தும். செல் மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு, சமையல் சோடாவை வெந்நீர்ல கலக்கி ஒரு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன். அந்தத் தண்ணி செல்லுக்குள்ள போயிடக் கூடாது, அதுதான் முக்கியம். துடைச்சு, காய விட்டு, போல்ட்டை இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினேன். சோடா, வாசலின் ரெண்டுக்கும் சேர்த்து 50 ரூபாய்.

அடுத்து தண்ணி. டியூபுலர் பேட்டரி மேல ஆறு மிதவைக் காட்டி இருக்கும். எங்களுதுல ஆறும் சிவப்புக்கோட்டுக்குக் கீழ கிடந்துச்சு. 5 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேன் 120 ரூபாய். பைப் தண்ணி, போர் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி எதுவும் ஊத்தக் கூடாது. ஆசிட் ஊத்தவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணி மட்டும்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கு. "ஆசிட் மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும்"னு யாராவது சொன்னா நகர்ந்து வந்துடுங்க. ரொம்ப வத்தியிருந்தா ஒரேடியா மேல் கோடு வரைக்கும் நிரப்பாதீங்க. தகடு மூழ்கிற அளவுக்கு ஊத்தி, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, மறுநாள் மீதியை நிரப்புங்க. இல்லைன்னா சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும், தரையில டைல்ஸ் போயிடும்.

பாக்கி 250 ரூபாய் ஒரு மல்டிமீட்டர். முழு சார்ஜ் ஆனப்புறம் யூ.பி.எஸ்.ஸையும் பிளக்கையும் ஆஃப் பண்ணிட்டு மூணு மணி நேரம் பேட்டரியை ஓய்வா விடணும். அப்புறம் டி.சி. 20 வோல்ட்ல வச்சு அளக்கணும். 12.6, 12.7 வந்தா நல்லது. 12.4 பக்கம்னா முக்கால்வாசிதான் ஏறியிருக்கு. முழுசா சார்ஜ் போட்டும் 12-க்குக் கீழேயே நின்னா கஷ்டம்தான். எங்களுது 12.5 காட்டுச்சு. அப்புறம் மெயினை ஆஃப் பண்ணி ரெண்டு ஃபேன், ரெண்டு லைட் போட்டு மறுபடி பார்த்தேன். மெதுவா இறங்கினா பேட்டரி உயிரோட இருக்கு. அஞ்சே நிமிஷத்துல 11-க்கு விழுந்தா முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இன்னும் உறுதியாத் தெரியணும்னா ஹைட்ரோமீட்டர். பேட்டரி கடைகளே வச்சிருப்பாங்க, கேட்டா அளந்து காட்டுவாங்க. ஆறு செல்லையும் தனித்தனியா அளக்கச் சொல்லுங்க. முழு சார்ஜ்ல டியூபுலர் பேட்டரி 1240, 1250 பக்கம் காட்டும். அஞ்சு செல் 1230, ஒரு செல் மட்டும் 1150ன்னா அந்த செல் செத்துப்போச்சு. ஒரு செல் போனா மொத்த பேட்டரியும் போன மாதிரிதான், அதைத் தனியா ரிப்பேர் பண்றேன்னு சொல்றவர்கிட்ட காசு குடுக்காதீங்க. அடுத்த தடவை யாராவது "பேட்டரி போச்சு"ன்னு சொன்னா "அண்ணே, எந்த செல் போச்சு? எவ்வளவு காட்டுது?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. பேச்சோட தொனியே மாறும்.

எங்க பேட்டரி பழைய நிலைமைக்கு முழுசா திரும்பல, உண்மையைச் சொல்லணும். தண்ணி வத்தி வெளியே தெரிஞ்ச தகடு கெட்டது கெட்டதுதான். ஆனா கால் மணி நேரம் ஓடினது ரெண்டரை மணி நேரம் ஓடுச்சு. எங்க தேவைக்கு அது போதும்.

எவ்வளவு நேரம் ஓடணும்னு நீங்களே கணக்குப் போடலாம். 12 வோல்ட் பெருக்கல் 150 ஏ.எச்., 1,800 வாட் ஹவர். பேப்பர்ல இருக்கிற இந்தக் கணக்கு முழுசா கிடைக்காது. அந்த 150ங்கிறது 20 மணி நேரம் மெதுவா இழுத்தா கிடைக்கிற அளவு, வேகமா இழுத்தா குறையும். யூ.பி.எஸ். மாத்தும்போது கொஞ்சம் வீணாகும். பேட்டரியை அடி வரைக்கும் உறிஞ்சவும் கூடாது. அதனால 1,000 வாட் ஹவர்னு வச்சுக்கோங்க. ரெண்டு சாதா ஃபேன் 150 வாட், நாலு எல்.இ.டி. பல்பு 36, லேப்டாப் 60, ரவுட்டர் 10, ஆக மொத்தம் 256. அப்போ ஏறக்குறைய நாலு மணி நேரம். அதே ரெண்டு ஃபேனையும் பி.எல்.டி.சி.யா மாத்தினா 150 வாட் 60 பக்கம் வந்துடும், நேரம் ஆறு மணியாகும். பெரிய பேட்டரிக்கு 5,000 கூடக் குடுக்கிறதுக்கு பதிலா ஃபேனை மாத்தினா தினமும் கரண்ட் பில்லும் குறையும்.

பில்லுன்னதும் ஞாபகம் வருது. வயசான பேட்டரி சார்ஜே நிறையாம நாள் முழுக்க கரண்ட் குடிச்சுட்டே இருக்கும், தொட்டா சூடா இருக்கும். ரெண்டு மாச பில் 480, 490 யூனிட்ல நிக்கிற வீடுன்னா கவனிங்க. 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் அடுக்குல கிடைச்ச குறைஞ்ச ரேட்டும் சேர்ந்து போயிடும்.

நிஜமாவே செத்துட்டா?

எங்க பேட்டரி 2025 செப்டம்பர் தொடக்கத்துல கையை விரிச்சது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 11.8. ஒரு செல் மத்ததை விட ரொம்ப கீழ. சரி, மாத்திடலாம்னு முடிவு பண்ணோம். வாரன்ட்டி கார்டை எடுத்தோம்.

'60 மாசம் வாரன்ட்டி'ன்னு பெரிசா போட்டிருக்கிறதுக்குக் கீழ சின்னதா '36 + 24'ன்னு இருக்கும். முதல் 36 மாசம்தான் இலவசமா மாத்தித் தருவாங்க. அடுத்த 24 மாசம் 'ப்ரோ ரேட்டா', அதாவது புதுசு வாங்கினா ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி பொதுவா எம்.ஆர்.பி. மேல கணக்காகும். ஒரு உதாரணம் பாருங்க. எம்.ஆர்.பி. 20,000. ப்ரோ ரேட்டா 25 சதவீதம் போனா நீங்க கட்டுறது 15,000. ஆனா அதே பேட்டரி கடையில 16,000-க்கே கிடைக்குது, பழசைக் குடுத்தா இன்னும் 3,000 குறையும், 13,000. வாரன்ட்டியில போறதை விட புதுசா வாங்கினா மலிவு! ப்ரோ ரேட்டாவுல பழைய பேட்டரியையும் அவங்களே எடுத்துக்குவாங்க, அதுக்கு தனிக் காசு கிடையாது. ரெண்டு கணக்கையும் பேப்பர்ல எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

36 மாசத்துக்குள்ளயே போயிருந்தா விடாதீங்க. அதுக்கு பில், சீல் போட்ட வாரன்ட்டி கார்டு, பேட்டரி மேல இருக்கிற சீரியல் நம்பர் மூணும் வேணும். வாங்கின அன்னைக்கே மூணையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வச்சுடுங்க. பில் இல்லாம 500 ரூபாய் கம்மியா தர்றேன்னா அது 500 ரூபாய் லாபம் இல்ல, மூணு வருஷ வாரன்ட்டியை 500-க்கு விக்கிறீங்க. கம்பெனி இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்ல, பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

எங்களுக்கு வாரன்ட்டி காலம் முடிஞ்சு போச்சு. ஆனா வேற ஒரு அதிர்ஷ்டம். செப்டம்பர் 3-ந் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில், லெட் ஆசிட் பேட்டரி மேல இருந்த 28 சதவீத வரியை 18-ஆ குறைக்கிறதா அறிவிச்சது. 22-ந் தேதியில இருந்து அமல். "ரெண்டு வாரம் மெழுகுவத்தி ஏத்திக்கலாம்ப்பா"ன்னு சொன்னேன். 16,000 சொன்ன பேட்டரியோட அடக்க விலை 12,500. அதுக்கு 18 சதவீதம் போட்டா 14,750. காத்திருந்ததுல 1,250 மிச்சம்.

பழைய பேட்டரியை பழைய இரும்புக்காரர்கிட்டயோ குப்பையிலயோ போடாதீங்க. அதுல ஈயம் இருக்கு, அது விஷமும்கூட, காசும்கூட. கிலோ என்ன ரேட்னு ரெண்டு மூணு டீலர்கிட்ட கேளுங்க. ஒரு கடையில 2,500ன்னாங்க, சின்னமனூர்ல இன்னொரு கடையில அதே பேட்டரிக்கு 3,500. அப்படி எங்க கையில இருந்து போனது 11,250.

கடைக்காரர் "200 ஏ.எச். போட்டுருங்க தம்பி, ரெண்டாயிரம்தான் கூட"ன்னார். நம்ம பழைய யூ.பி.எஸ். எத்தனை ஆம்பியர்ல சார்ஜ் பண்ணும்னு பார்க்காம சரின்னு சொல்லிடாதீங்க. பேட்டரி ஏ.எச்.ல பத்துல ஒரு பங்கு சார்ஜ் கரண்ட் வேணும்னு ஒரு கணக்கு. 150-க்கு 15 ஆம்பியர். சார்ஜர் சின்னதா இருந்தா பெரிய பேட்டரி என்னைக்குமே முழுசா நிறையாது, அரைகுறை சார்ஜ்ல கிடந்து சீக்கிரமே கெடும். லித்தியம் ரொம்ப வருஷம் வரும், ஆனா பழைய யூ.பி.எஸ்.ஸோட அப்படியே மாட்ட முடியாது, மொத்த செட்டா வாங்கும்போது யோசிக்கலாம்.

இப்போ நேர்மையான கணக்கு. 420 ரூபாய் செலவு பண்ணி நான் எவ்வளவு மிச்சம் பிடிச்சேன்? "15,000 மிச்சம்!"னு தம்ப்நெயில் போட்டா அது பொய். அந்தச் செலவு தள்ளித்தான் போச்சு, இல்லாம போகல. 15,000 ரூபாய் பேட்டரி 60 மாசம் வரும்னா மாசத்துக்கு 250. பழசுல இருந்து கூடுதலா 14 மாசம் எடுத்தோம், 3,500. பணம் அவ்வளவு நாள் அக்கவுன்ட்ல இருந்ததுக்கான வட்டி தனி. ஒரு நாள் வேலைக்கு இது மோசமில்ல.

அதே 250-ஐ வச்சு அப்பா பேர்ல ஒரு ஆர்.டி. போட்டிருக்கேன். பேட்டரி சாகிறது திடீர் செலவு இல்ல, என்னைக்கு வரும்னு ஏறக்குறைய தெரிஞ்ச செலவு. அதை நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.ன்னு கார்டுல தேய்ச்சு, ப்ராசஸிங் ஃபீ, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.ன்னு கட்டுறதுக்கு எந்த அவசியமும் இல்ல.

பி.ஜி.யில, வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு

உங்களுக்கு இவ்வளவு பெரிய பொட்டி எதுக்கு? லேப்டாப் தன் பேட்டரியில ரெண்டு மூணு மணி நேரம் ஓடும். கரண்ட் போனா நிக்கிறது ரவுட்டர் மட்டும்தான். ரவுட்டருக்குன்னே சின்ன டி.சி. யூ.பி.எஸ். இருக்கு, ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள வரும். ரவுட்டர் அடாப்டர்ல போட்டிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துதான்னு மட்டும் பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட்தான். மேலே சொன்ன நார்மல் மோட் சிமிட்டுக்கும் இதுதான் மருந்து. ஒரு எச்சரிக்கை: ஊர் முழுக்கக் கரண்ட் போகும்போது நெட் குடுக்கிறவர் பக்கமும் பேக்கப் இருந்தாத்தான் உங்களுக்கு நெட் வரும். வாங்குறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டுக்கோங்க.

டெஸ்க்டாப்காரங்க வச்சிருக்கிற 600 வி.ஏ. குட்டி யூ.பி.எஸ்.ல 12 வோல்ட் 7 ஏ.எச். சீல்டு பேட்டரி ஒண்ணு இருக்கும். 84 வாட் ஹவர்தான், வேலையை சேவ் பண்ணி மூடுறதுக்கு மட்டும். ரெண்டு மூணு வருஷத்துல அது போகும். கரண்ட் போன அதே நொடி கம்ப்யூட்டரும் போனா, பேட்டரி தான் முடிஞ்சிருக்கும். முழு யூ.பி.எஸ்.ஸையும் தூக்கிப் போடாதீங்க, அந்த பேட்டரியை மட்டும் ஆயிரம் ரூபாய் பக்கம் மாத்திக்கலாம். உப்பிப் போயிருந்தா நோண்டாம கடையில குடுத்து மாத்துங்க. லேசர் பிரிண்டரை அதுல சொருகாதீங்க.

எங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். புது பேட்டரியை மாட்டினது அதே மெக்கானிக்தான். மாட்டுற கூலி 300 குடுத்தோம், டெர்மினலுக்கு வாசலின் தடவுறதை அவரே கவனமா பண்ணார். அப்பா தினசரி காலண்டர்ல மூணு மாசத்துக்கு ஒரு தாள்ல 'தண்ணி'ன்னு பேனாவால எழுதி வச்சிருக்கார். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மெயினை ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் பேட்டரியில ஓட விடுறதும் அவர் வேலை. அந்த நேரம் பார்த்து அம்மா மிக்ஸி போடக் கூடாதுன்னு மட்டும் வீட்ல இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு.

சோலார் போட்டா யூ.பி.எஸ். தேவையான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது வேற கணக்கு, அடுத்த வீடியோவுல பில்லோட காட்டுறேன்.